படம் பிடிப்பவரின் உடுப்பு

கல்யாண வீட்டுக்கு வருகிறவர்கள் பிறர் பார்க்க உடுத்து வருகிறார்கள். படம் பிடிக்க வருபவர் மட்டும் எவருடைய கண்ணையும் உறுத்தாமல் உடுத்த வேண்டும். அதேவேளை அவர் தொழிலுக்கு வந்தவர் என்பதும் அந்த உடுப்பிலேயே தெரிய வேண்டும். இவ்விரண்டையும் ஒன்றாகச் சாதிப்பது இலேசான காரியமல்ல.

ஆசிரியர் கலாசாலையில் பயின்ற காலத்தில், விடுமுறை நாட்களில் நகரத்து ஸ்டூடியோ ஒன்றில் உதவியாளனாக நின்றேன். ஒரு பிலிம் சுருளில் 36 படங்கள் பிடித்த காலம் அது. கமராவைத் தொடவிடுமுன் முதலாளி உடுப்பைப் பற்றித்தான் பாடம் நடத்தினார். "மஞ்சள், சிவப்புச் சேட்டுப் போடாதே. கிட்ட நின்று எடுத்தால் அந்த நிறம் மாப்பிள்ளையின் முகத்தில் விழும்" என்பார். சாம்பல், கறுப்பு, கடும் நீலம் ஆகியவையே அவருக்கு உகந்த நிறங்கள். முழந்தாளிட்டு எடுக்கத் தோதான தளர்ந்த களிசான், குனிந்தால் முதுகு தெரியாத நீளச் சேட்டு, வியர்வையை உறிஞ்சும் பருத்தித் துணி. பள்ளிவாசலில் காவின் எழுதும் இடத்துக்குக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும் என்பதால் நாடா இல்லாத சப்பாத்து; கிழியாத காலுறை.

எங்கள் கிழக்குக் கரைக் கல்யாணங்களில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறார். நிகாஹ் ஆண்கள் மத்தியில் நடக்கும். மணப்பெண் பெண்கள் சூழ உள்ளே இருப்பாள். ஆண் ஒருவர் கமராவுடன் அங்கே போவதைப் பல வீடுகள் விரும்புவதில்லை. ஆகவே குரவைச் சத்தம் எழும் அந்த அறையின் சந்தோஷம் பெரும்பாலும் படமாகாமலே போய்விடும்.

அந்த அறைக்குள் என் பழைய மாணவி ஒருத்தி கமராவுடன் போனாள். வாப்பா இல்லாத பிள்ளை. உம்மாவும் இரண்டு தங்கைகளும் அவளது உழைப்பை நம்பியிருந்தார்கள். முதல் கல்யாணத்துக்கு மினுங்கும் சாரி உடுத்துப் போனாள். விருந்தாளி என்று நினைத்துச் சஹனில் உட்கார வைத்தார்கள். கூலியைக் கேட்டபோது, "நீ நம்முட பிள்ளைதானே" என்று சிரித்தார்கள். அடுத்த முறை வீட்டில் உடுக்கும் பழைய உடுப்போடு போனாள். தேத்தண்ணித் தட்டைக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

"சேர், நான் என்னத்த உடுத்துப் போனா என்னைப் படம் எடுக்க வந்தவள் என்டு நினைப்பாங்க?" என்று கேட்டாள்.

முதலாளியின் பாடத்தை நான் சொன்னேன். என் மனைவி அதைப் பெண்ணுக்குப் பொருந்தும்படி தைத்துக் கொடுத்தாள். கடுஞ் சாம்பல் நிற அபாயா. கல், மணி, மினுக்கு எதுவுமில்லை. அவை கமராப் பட்டியில் சிக்கும், வெளிச்சத்தில் மின்னும். மணிக்கட்டோடு ஒட்டி நிற்கும் கை. படியேறும்போது மிதிபடாமல் கணுக்காலோடு நிற்கும் விளிம்பு, உள்ளே களிசான். பட்டி இழுத்தாலும் ஹிஜாப் அவிழாதபடி உள்தொப்பி. இரண்டு பக்கமும் பொத்தான் வைத்த பை: வலப்பக்கம் வெற்று மெமரி கார்ட், இடப்பக்கம் நிரம்பியது. அவசரத்திலும் மாறிப்போகாது. காலில் சத்தமிடாத ரப்பர் அடிச் செருப்பு.

அடுத்த கல்யாணத்தில் மணப்பெண்ணின் மாமி, "எங்க நின்டா உங்களுக்கு வசதி, மகள்?" என்று கேட்டாராம். "நீ" போய் "நீங்க" வந்துவிட்டது. பேசிய பணமும் உறையில் வந்தது.

பெண்பிள்ளை கமரா தூக்கிக்கொண்டு கல்யாண வீடுகளுக்குப் போவதா என்று ஊரில் முணுமுணுத்தவர்கள் உண்டு. அவர்களில் சிலருடைய வீட்டுக் கல்யாணங்களுக்கும் இப்போது அவள்தான் போகிறாள். துணி மட்டும் இதைச் சாதித்தது என்று சொல்லமாட்டேன். அவளது படங்கள் நன்றாக இருந்தன. ஆனால் நம்மவர்கள் படத்தைப் பார்க்குமுன் ஆளைப் பார்க்கிறார்கள். உழைக்க வந்த பெண்ணை உறவு என்றோ வேலைக்காரி என்றோ சொல்லிக் கூலியை மறக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கும்வரை அந்தச் சாம்பல் உடுப்பு அவளுக்குத் தேவைதான். மூத்த தங்கையும் உதவிக்குப் போகத் தொடங்கியிருக்கிறாள். அவளுக்கும் அதே துணியில் ஒன்று என் மனைவியின் தையல் மெஷினில் கிடக்கிறது.