மயிலையும் செவலையும்

போன மாசம் டீச்சரை இந்தப் பக்கமே காணோமே என்று பல பேர் கேட்டிருந்தீர்கள். வீட்டில் ஒரு சண்டை. பூனைச் சண்டைதான். ஆனால் என் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது.

சாம்பல் நிறத்தவள் மயிலை, சிவந்தவன் செவலை. எங்கப்பா தோட்டத்து மாடுகளைக் கூப்பிட்ட பெயர்கள்தான். ஒரே ஈற்றில் பிறந்து, ஐந்து வருஷமாக ஒரே சாக்கில் சுருண்டு தூங்கியவர்கள். குட்டிகளாகப் பையில் போட்டு எடுத்து வந்தவர் என் வீட்டுக்காரர். அவர் போனபின் வீட்டில் எனக்குத் துணை இவர்கள்தான்.

மயிலைக்கு முதுகில் ஒரு கட்டி. கோயமுத்தூரில் அறுவை செய்து, இரண்டு நாள் கழித்துக் கூட்டி வந்தேன். கூடையைத் திறந்ததும் செவலை ஓடி வந்து மோந்து பார்த்தான். அடுத்த நொடி வாலைப் புசுபுசுவென்று விரித்துச் சீறி, அவள்மேல் பாய்ந்துவிட்டான். அவள் பீரோவுக்குப் பின்னால் போய் ஒடுங்கிக்கொண்டாள்.

எனக்கு வந்த கோபத்துக்குச் செவலையை ஒரு அடி வைத்தேன். பிறகு சமாதானம் செய்கிறேன் என்று இரண்டையும் பிடித்து ஒரே தட்டின் முன் உட்கார வைத்தேன். என் கை கிழிந்ததுதான் மிச்சம். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு ஊசிக்குப் போனேன். நீங்களும் பூனை பிராண்டினால் அலட்சியமாக இருக்காதீர்கள்.

"ஒண்ணைத் தோட்டத்துல கொண்டுபோய் விட்டுப்போடுங்க அக்கா" என்றார்கள் ஒறம்பரை. கூடையைக்கூட எடுத்து வைத்துவிட்டேன். மனசு வரவில்லை. கால்நடை டாக்டருக்குப் போன் செய்தேன்.

"அடிக்காதீங்கம்மா. பூனை கூட்டாளியை மூஞ்சியைப் பார்த்து அல்ல, மோந்துதான் அடையாளம் கண்டுக்குது" என்றார். கன்னம், நெற்றி, வால் அடியில் எல்லாம் வாசனைச் சுரப்பிகள் உண்டாம். ஒன்றையொன்று உரசி, வீட்டுக்கே ஒரு பொது வாசனையை உண்டாக்கி வைத்திருக்கும். மயிலை வந்ததோ மருந்து வாசனையோடு. செவலைக்கு அவள் மயிலையே இல்லை, யாரோ வெளியாள். நம்ம சத்தியமங்கலம் காட்டுப் புலியும் மரத்தில் பீய்ச்சி, கன்னத்தை உரசித்தான் தன் எல்லையைச் சொல்கிறது. அதுவும் பூனைக் குடும்பம்தானே!

மதில்மேல் வெளிப்பூனையைப் பார்த்த ஆத்திரத்தை வீட்டுப்பூனைமேல் காட்டுவதும் உண்டாம். எங்காவது வலி இருந்தாலும் பாயுமாம். அதனால் திடீர்ச் சண்டை என்றால் டாக்டரிடம் காட்டிவிடுவது நல்லது.

அவர் சொன்னபடி செய்தேன். தனித்தனி அறை, தனித்தனிச் சோறு, தண்ணீர், மண் தட்டு. பழைய துண்டால் ஒருத்தியின் கன்னத்தைத் துடைத்து, மற்றவன் தட்டுக்கு அடியில் போட்டேன். அவன் துண்டை இவளுக்கு. ஒரு வாரம் கழித்து, சாத்திய கதவுக்கு இரண்டு பக்கமும் சோறு வைத்தேன். தட்டை நாளுக்கு ஒரு சாண் நெருக்கினேன். பிறகு கதவை நாலு விரல் திறந்தேன். உறுமினால் மறுபடி சாத்தினேன். மூன்று வாரம் ஆனது. போன வெள்ளிக்கிழமை செவலை மயிலையின் காதை நக்கிவிட்டான். நான் சமையலறையில் நின்று அழுதேன், கண்ணுகளா.

அந்த மூன்று வாரமும் ஒரு ஞாபகம் என்னை விடவில்லை. ஏழாம் வகுப்பில் அடித்துக்கொண்ட இரண்டு பையன்களை, வகுப்பு முன்னாலேயே கட்டிப்பிடிக்க வைத்தேன். எல்லாரும் கை தட்டினார்கள். பிரச்சினையைத் தீர்த்துவிட்டதாகப் பெருமைப்பட்டேன். மறுநாள் பவானி ஆற்றுப் பாலத்துக்கிட்டே ஒருவன் பல் உடைந்தது. அதற்கும் பிரம்பு எடுத்தவள் நான்தான்.

அவர்கள் இரண்டு பேரும் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். அன்றைக்கு உங்களை வேறு வேறு பெஞ்சில் உட்கார வைத்துக் கொஞ்ச நாள் சும்மா விட்டிருக்க வேண்டும். டீச்சருக்கு அப்போது தெரியவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள் சாமிகளா. ஊருக்கு வரும்போது வீட்டுக்கு வாருங்கள். சேர்ந்துதான் வரவேண்டும் என்றில்லை, தனித்தனியாகவே வாருங்கள்.