இரும்புக்கும் நாடி உண்டு

எங்கள் வீடு மன்னார்புரத்தில் இருக்கிறது. அப்பா வேலை செய்யும் லேத் பட்டறையும் அங்கேதான்; வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். பம்புசெட்டுகளுக்கும் அரிசி ஆலைகளுக்கும் உதிரிபாகங்கள் கடைந்து கொடுக்கும் தகரக் கொட்டகை அது. அதில் அப்பாவுக்கு இருபத்தெட்டு ஆண்டு அனுபவம். எந்த இயந்திரம் முரண்டு பிடித்தாலும் முதலில் அழைப்பது அவரைத்தான். நான் சிறுவனாக இருந்தபோது பார்த்திருக்கிறேன்: நீண்ட திருப்புளி ஒன்றின் முனையை மோட்டாரின் மேல் வைப்பார், கைப்பிடியைக் காதோரம் அழுத்திக்கொண்டு கண்களை மூடுவார். "பேரிங் போயிடுச்சு" என்றோ "கிரீஸ் இல்ல" என்றோ உடனே தீர்ப்பு வரும். அது தவறியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

இந்தச் செவிக்கலை எங்கள் ஊருக்குப் புதிதன்று. நாகப்பட்டினத்திலிருந்த ரயில்வே பணிமனை 1928-இல் பொன்மலைக்கு வந்தது. அதனால் ரயிலோடும் இரும்போடும் பழகிய குடும்பங்கள் இங்கே ஏராளம். நீண்ட கைப்பிடியுள்ள சுத்தியலால் வண்டிச் சக்கரங்களைத் தட்டிக்கொண்டே போகும் ஊழியர்களைப் பற்றி எங்கள் தெருப் பெரியவர்கள் சொல்வார்கள். நல்ல சக்கரம் மணிபோல் ஒலிக்கும். விரிசல் கண்டது மந்தமாக ஒலிக்குமாம்.

நானோ இயற்பியல் மாணவன். 2024 மே விடுமுறையில், அப்பா காதால் செய்யும் வேலையைக் கருவியால் செய்து பார்க்கலாம் என்று ஆசைப்பட்டேன். பேராசிரியர் ஊக்கம் தந்தார். பட்டறை முதலாளியும் சம்மதித்தார். கைப்பேசியைத் திருப்பினால் படமும் திரும்புகிறதல்லவா? அதற்குக் காரணமான முடுக்கமானிச் சில்லுதான் என் கருவியின் உயிர். அத்துடன் ஒரு வெப்பமானி, ஒரு மின்கலம், வைஃபை வழியே செய்தி அனுப்பும் சிறு பலகை ஆகியவற்றைச் சோப்புப் பெட்டி அளவிலான பெட்டியில் அடைத்தேன். இப்படி நான்கு பெட்டிகள். இரும்புச் சுருளும் கூலண்டும் சிதறும் தரையில் கம்பி இழுத்தால் ஒரு வாரம் தாங்காது. ஆகவேதான் கம்பியில்லா முறை. மின்கலம் தீர்ந்துவிடாமலிருக்க, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விழித்துச் சில விநாடி அதிர்வை அளந்து அனுப்பிவிட்டு உறங்கும்படி செய்தேன்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை முதல் நாளே கற்றேன். தகரச் சுவரும் இரும்பு அலமாரியும் வைஃபை அலையை மறித்தன. வாங்கும் கருவியை உத்தரத்தின் மேல் ஏற்றிய பிறகுதான் நான்கு பெட்டிகளும் பேசின. அடுத்து, தூசி இழுக்கும் விசிறியின் மோட்டாரிலிருந்து 6 மில்லிமீட்டர் என்று அதிர்வின் வேகம் வந்தது. சிறு இயந்திரங்களுக்கு விநாடிக்கு 4.5 மில்லிமீட்டருக்கு மேல் போனால் ஆபத்து என்பது பன்னாட்டுத் தர அமைப்பு 1995-இல் வகுத்த அளவு. பதறி ஓடினேன். அப்பா உள்ளங்கையை மோட்டார் மீது வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"பெட்டிய மூடித் தகட்டுல ஒட்டியிருக்கியேப்பா. ஆடுறது தகடு, மோட்டார் இல்ல."

உண்மைதான். பேரிங் இருக்கும் வார்ப்பிரும்புப் பகுதியில் பெயின்டைச் சுரண்டிவிட்டு ஒட்டியதும் அளவு 1.1-க்கு இறங்கியது. அப்பா இப்போதெல்லாம் திருப்புளியை எடுப்பதில்லை, கையாலேயே பார்க்கிறார் என்பதைக் கவனித்தேன். அனுபவம் முற்றியதன் அடையாளம் என்று எண்ணிக்கொண்டேன்.

மூன்றாம் வாரம் அதே மோட்டாரில் ஒரு புதுமை தெரிந்தது. மொத்த அதிர்வு 1.2-ஐத் தாண்டவில்லை. ஆனால் அதிர்வை அதிர்வெண் வாரியாகப் பிரித்து வரைந்தபோது, விநாடிக்கு 86 என்ற இடத்தில் ஒரு முள் முளைத்து நாள்தோறும் வளர்ந்தது. அந்த மோட்டார் நிமிடத்துக்கு 1440 சுற்று, அதாவது விநாடிக்கு 24 சுற்று ஓடுவது. அதன் 6205 எண் பேரிங்கில் ஒன்பது குண்டுகள். அவை அச்சின் முழு வேகத்தில் சுற்றுவதில்லை. உருண்டு உருண்டு பின்தங்குகின்றன. வெளிவளையத்தில் ஒரு குழி விழுந்தால், அச்சின் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 3.58 முறை குண்டுகள் அதில் இடிக்கும். 24-ஐ 3.58-ஆல் பெருக்கிப் பாருங்கள்: 86!

அப்பாவிடம் சொன்னேன். கை வைத்துப் பார்த்து, "நல்லாத்தான் ஓடுது" என்றார். மறுநாளும் அதே பதில். பதினொரு நாள் இப்படிக் கழிந்தது. முதலாளி தினமும் என் வரைபடங்களைக் கேட்டுக்கொண்டிருந்தார். காட்டினால் அப்பாவின் சொல் பொய்யாகும். மறைத்தால் என் படிப்பு பொய்யாகும். அன்று மாலை பட்டறை வெறிச்சோடியதும், விசிறியை மட்டும் ஓடவிட்டுத் திருப்புளியை நானே காதில் வைத்தேன். மெல்லிய, கீச்சென்ற கரகரப்பு தெளிவாகக் கேட்டது. திருப்புளியை அப்பாவிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"எனக்குக் கேக்காதுப்பா. ரெண்டு வருசமா கேக்கல. சொன்னா வேலை போயிடும்னு சொல்லல."

நான் வாயடைத்து நின்றேன். மறுநாள் காலையில் அவரே என் வரைபடத்தை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனார். பேரிங்கைக் கழற்றினோம். வெளிவளையத்தில் எள்ளளவு குழி. புதியதை மாட்டிவிட்டு நான் புறப்பட்டபோது அப்பா தடுத்தார். பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்த்து, "இவ்வளவு முறுக்கா கட்டுனா புதுசும் தாங்காது" என்று தளர்த்தினார். நோய் இருப்பதைச் சொன்னது என் கருவி. நோயின் மூலத்தைச் சொன்னவர் அவர். முதலாளி அவரை அனுப்பிவிடவில்லை. "படத்தைப் பாத்து என்ன செய்யணும்னு நீங்கதான் சொல்லணும்" என்று விட்டுவிட்டார்.

பிறகு அப்பாவை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். செவித்திறன் சோதனை முடிந்ததும் கையில் ஒரு வரைபடம் தந்தார்கள். 4000 அதிர்வெண்ணுக்கருகில் கோடு பள்ளத்தில் விழுந்திருந்தது. ஓயாத இரைச்சலால் கெட்ட காதின் முத்திரை அதுவென்று மருத்துவர் விளக்கினார். எட்டு மணி நேரம் 85 டெசிபலுக்கு மேல் கேட்டால் காதுக்குக் கேடு என்பது தொழில்நல அறிஞர்கள் கணக்கு. சாணை ஓடும்போது எங்கள் பட்டறையில் என் கைப்பேசி 94 காட்டியது. பேரிங்கை மாற்ற ஒரு பொழுது போதும். உட்செவியின் நுண்ணிய மயிர்ச் செல்கள் அழிந்தால் மனிதனுக்கு மறுபடி முளைப்பதில்லை.

நண்பர்களே, அன்றிரவு இரண்டு வரைபடங்களையும் மேசையில் அருகருகே வைத்துப் பார்த்தேன். இரும்பின் நலத்தைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விசாரிக்க நான் கருவி செய்திருந்தேன். அதனருகே இருபத்தெட்டு ஆண்டு நின்றவரின் காதை ஒருமுறையேனும் விசாரிக்க எவருக்கும் தோன்றவில்லை. ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த எனக்குமே தோன்றவில்லை.

இப்போது பட்டறை வாசலில் ஒரு டப்பாவில் காதடைப்பான்கள் இருக்கின்றன. புதிதாகச் சேர்ந்த பையன் அவற்றை மாட்டாமல் சாணைக்குப் பக்கத்தில் போனால், அப்பா அவன் தோளைத் தட்டி டப்பாவைக் காட்டுகிறார்.