பாட்டில் வெடிச்ச ராத்திரி

டிஸ்கி: நம்மூர்ல லைசென்ஸ் இல்லாம வீட்டுல பீர் காய்ச்சறது சட்டப்படி குற்றம். இந்தப் பதிவுல வெடிக்கப்போறது இஞ்சி பீர். பேர்லதான் பீர், அம்மாவே குடிப்பாங்க. ஆனா கத்துக்கிட்டது நிஜ பீர்ல.

கொசுவத்தி சுத்திக்கறேன். ஆன்சைட்னு ரெண்டு வருஷம் கொலம்பஸ்ல இருந்தேன், ஒஹையோ மாநிலம். அமெரிக்காவுல வீட்டுல பீர் காய்ச்சறதுக்கு 1978லயே சட்டம் போட்டு வழிவிட்டாங்க. ரூம்மேட்டுக்கு அதுதான் பொழுதுபோக்கு. சனிக்கிழமை ஆனா வீடு பூரா மால்ட் வாசனை. நானும் ஒட்டிக்கிட்டேன்.

அவன் முதல்ல சொல்லிக்கொடுத்தது ருசியைப் பத்தி இல்லை, வெடிக்கறதைப் பத்தி. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னு கார்பன் டை ஆக்சைடு விடும். பீர் நல்லா நொதிச்சு அடங்கினப்புறம், நுரைக்காக லிட்டருக்கு ஆறு கிராம் சர்க்கரை போட்டு பாட்டில்ல அடைப்போம். லிட்டருக்கு நாலு கிராம் சர்க்கரைன்னா சுமாரா ஒரு லிட்டர் வாயு. ஏற்கனவே கரைஞ்சிருக்கறதோட சேர்த்தா ரெண்டரை லிட்டர் பக்கம் வரும். பீர் பாட்டில் தாங்கும். சர்க்கரை தீர்ந்துட்டா ஈஸ்ட்டும் படுத்துடும்.

சிக்கல் எங்கன்னா, நொதிச்சு அடங்கறதுக்கு முன்னாடியே அவசரப்பட்டு அடைக்கறதுலதான். குமிழி நின்னுடுச்சேன்னு நம்பக்கூடாது. ஹைட்ரோமீட்டர்னு ஒண்ணு இருக்கு, நம்ம பால்மானிக்கு அண்ணன். மூணு நாள் தொடர்ந்து ஒரே அளவு காட்டணும். 1.010ல நிக்கவேண்டியதை 1.016லயே அடைச்சா, உள்ள மிச்சமிருக்கற சர்க்கரையே இன்னும் மூணு லிட்டர் வாயு கொடுக்கும். பாட்டில் கையெறிகுண்டு ஆயிடும்.

இவ்ளோ தெரிஞ்சவன்தான் போன வருஷம் மே மாசம் காரைக்கால்மேட்டுல, வொர்க் ஃப்ரம் ஹோம்ல உக்காந்துக்கிட்டு, இஞ்சி பீர் போட்டேன். கொலம்பஸ்ல போட்ட அதே கணக்கு. இஞ்சி, எலுமிச்சை, பேக்கரி ஈஸ்ட், லிட்டருக்கு 100 கிராம் சர்க்கரை. மூணு நாள் வெளியில, அப்புறம் பிரிட்ஜ். கிளிப் மூடி போட்ட அலங்காரக் கண்ணாடி பாட்டில் ஏழு வாங்கி, புழக்கடை திண்ணையில வரிசையா வச்சேன். போட்டோகூட எடுத்தேன், பதிவு போடறதுக்கு. ஹி ஹி.

ரெண்டாம் நாள் ராத்திரி ரெண்டு மணி இருக்கும். டமார்னு ஒரு சத்தம். பின்னாடியே இன்னொண்ணு. கரண்ட் வேற இல்லை. நான் எழுந்து உக்கார்றதுக்குள்ள அம்மா என் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வாசலுக்கு ஓடிட்டாங்க. "டேய் தம்பி, ஓடுடா, ரோட்டுக்கு ஓடு." ஓடிக்கிட்டே கடல் பக்கம்தான் திரும்பித் திரும்பிப் பாத்தாங்க.

2004 டிசம்பர் 26 அன்னிக்கு எனக்கு ஏழு வயசு. எங்க ஊர் குப்பத்துல அன்னிக்கு என்ன ஆச்சுன்னு இங்க எழுதப்போறதில்லை. அன்னிக்கும் அம்மா இப்படித்தான் என் கையைப் பிடிச்சாங்க. அது மட்டும் ஞாபகம் இருக்கு.

"அம்மா, பாட்டில்மா, பாட்டில்தான் வெடிச்சுது" அப்படின்னு சொல்லிப் புரியவைக்க அஞ்சு நிமிஷம் ஆச்சு. அதுக்குள்ள பக்கத்து வீட்டு அத்தை, பிள்ளைங்க எல்லாம் ரோட்டுல. யாரும் என்னைத் திட்டலை. திட்டியிருந்தா தேவலை.

மிச்சம் அஞ்சு பாட்டில் அங்கேயே இருக்கு. டார்ச் அடிச்சுப் பாத்தா, ரெண்டாள் தூரத்துல இருந்த வாழைமரத்துல கண்ணாடிச் சில்லு குத்தி நிக்குது. அக்கா பசங்க பகல் பூரா விளையாடற இடம். என்னைத் தள்ளிப் போகச் சொல்லிட்டு அப்பா ஒரு காரியம் பண்ணார். கனமான சாக்கை நனைச்சு, கதவுக்குப் பின்னாடி நின்னு கம்பால தள்ளித் தள்ளி பாட்டில்களை மூடினார். போட்டுக்கு வச்சிருந்த மீன் ஐஸை உடைச்சு, கொஞ்சம் கொஞ்சமா சாக்கு மேலயே கொட்டினார். பாட்டில் மேல நேரா கொட்டக்கூடாதாம், சூட்டுக் கண்ணாடி விரியும். விடிஞ்சப்புறம் ஹெல்மெட், தோல் கையுறை, முழுக்கைச் சட்டை போட்டுக்கிட்டு ஒவ்வொண்ணா கிளிப்பை விட்டேன். நாலு பாட்டில் புஸ்ஸுன்னு பொங்கிச்சு. ஒண்ணு மூடியோட எகிறிச்சு.

கடைசி மூடியைத் திறந்தப்புறம் அப்பா சொன்னார்: "கள்ளுக்கு யாராவது இறுக்கி மூடி போடுவாங்களாடா?"

சரிதானே! நம்ம காரைக்கால்ல கள்ளுக்கடை இன்னும் இருக்கு. பக்கத்துல நாகப்பட்டினத்துல 1987லேர்ந்து தடை. பானையில சுண்ணாம்பு தடவினா பதநீர், தடவலைன்னா கள், நொதிச்சுக்கிட்டே இருக்கும். அப்பா காலத்து ஆளுங்க கேன்ல வாங்கிட்டு வந்தா மூடியை லூசாத்தான் வைப்பாங்களாம். ஹைட்ரோமீட்டர் படிச்ச இன்ஜினியர் நான், கிளிப் போட்டு இறுக்கியிருக்கேன்.

அப்புறம் உக்காந்து கணக்கு போட்டேன். பீர்ல சர்க்கரை அளந்து போட்டது, தீர்ந்தா நின்னுடும். இஞ்சி பீர் இனிப்பாவே இருக்கணும்னு நொதிக்கறதுக்கு நடுவுலயே அடைக்கறோம். லிட்டருக்கு 100 கிராம் முழுசும் தீர்ந்தா 25 லிட்டர் வாயு! இந்தக் கண்ணாடி அதுல கால்வாசிகூட தாங்காது. குளிர்ச்சி மட்டும்தான் பிரேக்கு. கொலம்பஸ் பேஸ்மென்ட்ல 18 டிகிரி. எங்க திண்ணையில 34. மூணு நாள் வேலையை ஈஸ்ட் ஒரு நாள்லயே முடிச்சிருக்கும். இன்னொண்ணு, அதே வாயு 4 டிகிரியில ஒரு பாருக்கும் குறைவா அழுத்தும், 30 டிகிரியில மூணு பார் பக்கம் (குடிக்கற பார் இல்லைங்க, அளக்கற பார்). ஐஸ் ஏன் வேலை செஞ்சுதுன்னு அப்போதான் உறைச்சுது.

1954 வரைக்கும் நம்மூரை ஆண்ட பிரெஞ்சுக்காரங்களுக்கும் இதே கஷ்டம்தான். ஷாம்பெயின் நிலவறையில பாட்டில் வரிசையா வெடிக்கும், தொழிலாளிங்க இரும்பு முகமூடி போட்டு வேலை பாத்திருக்காங்க. 1830களில் ழான்-பதிஸ்ட் பிரான்சுவான்னு ஒரு மருந்தாளர் சர்க்கரையை அளக்க வழி சொன்னப்புறம்தான் வெடிக்கறது குறைஞ்சுது. இன்னிக்கு ஆறு அட்மாஸ்பியருக்கு லிட்டருக்கு 24 கிராம் போடறாங்க, அதுவும் அவ்ளோ தடி பாட்டில்ல.

இப்போ சோடா வந்த பழைய பிளாஸ்டிக் பாட்டில்லதான் போடறேன். அமுக்கினா கல்லு மாதிரி ஆயிட்டா உடனே பிரிட்ஜ். கரண்ட் போனா மூடியைக் கொஞ்சம் தளர்த்திவிடறேன். கண்ணாடி கிடையவே கிடையாது.

போன வாரம் ஒரு பேட்ச் போட்டேன். அம்மா ஒரு டம்ளர் குடிச்சாங்க. "நல்லாத்தான் இருக்கு, எத்தனை பாட்டில் வச்சிருக்க?"ன்னாங்க. மூணுன்னு சொன்னேன். எழுந்து போய் பிரிட்ஜைத் திறந்து எண்ணிட்டு வந்தாங்க.