ஆயுத பூசையும் ஒரு கார்புரேட்டரும்

மும்பையில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் எதனை மறந்தாலும் ஆயுத பூசையை மறப்பதில்லை. புத்தகங்களுக்கும் அரிவாள்மணைக்கும் சந்தனப் பொட்டிட்ட கையோடு, வாசலில் நிற்கும் வண்டிக்கும் மாலை சூட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கிறோம். நம் இல்லத்தில் அந்த மரியாதையைப் பெற்று வருவது, தந்தையார் 1998-ஆம் ஆண்டில் வருங்கால வைப்பு நிதியிலிருந்து முன்பணம் பெற்று வாங்கிய நூறு சி.சி. மோட்டார் சைக்கிள். ஆண்டுதோறும் பூசித்தோமேயன்றி, அதனுள் என்ன இருக்கிறதென்று நாம் ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை.

சென்ற ஆண்டு பருவமழைக் காலம் முழுவதும் மின்சார ரயிலிலேயே அலுவலகம் சென்று வந்தோம். ஜூன் மாதம் உறையிட்டு நிறுத்திய வண்டியைப் பூசைக்கு இரண்டு நாள் முன்னதாக வெளியே எடுத்து உதைத்தோம். சோக்கை இழுத்தால் உயிர் பெற்றது, விட்டால் அடங்கியது. தெருமுனைப் பட்டறைக்காரர் குனிந்து பாராமலே தீர்ப்பு வழங்கினார்: “கார்புரேட்டர் போய்விட்டது. பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிடுங்கள்.” அவரைக் குறை கூறுவதற்கில்லை. 2020 ஏப்ரல் முதல் நாள் பி.எஸ். 6 மாசு விதி நடப்புக்கு வந்த பின், புதிய வண்டிகளில் மின்னணுக் கருவியே எரிபொருளை அளந்து பீய்ச்சுகிறது. கார்புரேட்டரோடு மல்லுக்கு நிற்க யாருக்குப் பொழுதிருக்கிறது?

ஆனால் ‘இரும்பு’ என்ற சொல் நம்மைச் சுட்டது. தந்தையார் ஞாயிறுதோறும் அந்த வண்டியின் அருகே அமர்ந்து கழற்றித் துடைத்த காட்சி கண்முன் வந்தது. அருகே சென்றால், “உனக்கு எதற்கடா இந்தக் கறை? உள்ளே போய்ப் படி” என்பார். படித்தோம், பி.ஏ. பட்டமும் பெற்றோம், பேனா பிடித்தோம். திருப்புளி பிடிக்க மட்டும் கற்கவில்லை. நாற்பதைக் கடந்த வயதில், வண்டியின் கையேட்டை மடியில் விரித்து அந்தப் பாடத்தைத் தொடங்கினோம்.

கார்புரேட்டரின் தொழில் எளிது. காற்றும் பெட்ரோலும் கலக்க வேண்டும். எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறக்குறைய 14.7 பங்கு காற்று. குழாய் குறுகும் இடத்தில் காற்று விரைந்து செல்லும். விரையும் இடத்தில் அழுத்தம் குறையும். இத்தாலியரான வெஞ்சூரியின் (1746–1822) பெயரால் வழங்கும் இவ்விதியைக் கொண்டே, கீழேயுள்ள கிண்ணத்திலிருந்து பெட்ரோல் உறிஞ்சப்படுகிறது. ஹங்கேரியப் பொறியாளர்களான டோனாட் பாங்கியும் யானோஸ் சோங்காவும் 1893-ஆம் ஆண்டில் தங்கள் கார்புரேட்டருக்குக் காப்புரிமை கோரினர். கிண்ணத்திலே ஒரு மிதவை. வேகத்துக்கு ஒரு பெரிய ஜெட். வண்டி நின்றபடி ஓடுவதற்கு ஒரு சிறிய ஜெட். பித்தளையாலான அந்தச் சிறிய ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டர்கூட இராது.

பெட்ரோல் குழாயை அடைத்து, அடுப்பும் விளக்கும் இல்லாத திறந்த தாழ்வாரத்தில் வேலையைத் தொடங்கினோம். கழற்றும் திருகாணிகளை முறை மாறாமல் வைக்க, இல்லத்தரசியார் ஒதுக்கிய பழைய அஞ்சறைப் பெட்டி வாய்த்தது. கடுகு இருந்த கிண்ணத்தில் மிதவையின் ஊசி; மிளகு இருந்ததில் ஜெட்டுகள். காற்றின் அளவைத் திருத்தும் திருகாணியை எடுக்குமுன், மெல்ல உள்ளே திருகி எத்தனை சுற்று என்று எண்ணி, கோப்பில் குறிப்பெழுதும் பழக்கத்தால் ‘இரண்டேகால்’ என்று எழுதி வைத்தோம்.

கிண்ணத்தைத் திறந்தால் பலாப்பிசின் போன்ற கசடு! நான்கு மாதம் தேங்கிய பெட்ரோல் ஆவியாகி விட்டுச் சென்ற எச்சம் அது. இப்போதைய பெட்ரோலில் கலந்துள்ள எத்தனால் ஈரத்தை வேறு ஈர்க்கும். ஜூன் மாதத்திலேயே கிண்ணத்தை வடித்திருந்தால் இத்துன்பம் இல்லை. ஆக, குற்றம் வண்டியினுடையதன்று, நம்முடையதே.

கழுவித் துடைத்துப் பூட்டினோம். பெட்ரோல் சொட்டுச் சொட்டாய் வழிந்தது. மிதவையின் அச்சாணி சரியாக அமரவில்லை. திருத்திப் பூட்டினோம். இயந்திரம் முன்போலவே அடங்கிற்று. எரிச்சலுடன் மீண்டும் பிரித்தோம். அருகே நின்ற மகள், சிறிய ஜெட்டைக் கைபேசி விளக்கின்முன் பிடித்துப் பார்த்து, “அப்பா, இதில் மட்டும் வெளிச்சமே வரவில்லை” என்றாள். பெரிய துளையைத் துலக்கிய பெருமிதத்தில் சிறியதை மறந்திருந்தோம்! ஊக்கினால் குத்தக் கை பரபரத்தது. பித்தளை மென்மையானது, துளை விரிந்தால் அளவே கெட்டுவிடும் என்ற கையேட்டின் எச்சரிக்கை தடுத்தது. துப்புரவுத் திரவத்தில் அதனை ஊறவிட்டோம்.

மறுநாள் பூசை. கருவிகளைத் தொடலாகாத நாள். புத்தகங்களுக்கு அருகே திருப்புளியும் அமர்ந்து, நம் இல்லத்தில் முதன்முறையாகச் சந்தனம் பெற்றது. தாழ்வாரத்துப் பக்கம் மட்டும் கற்பூரத்தைக் கொண்டுசெல்ல இல்லத்தரசியார் இடம் தரவில்லை.

விசயதசமிக் காலை, பல் துலக்கும் பிரஷ்ஷிலிருந்து ஒற்றை நைலான் இழையைப் பிடுங்கி மகளிடம் கொடுத்தோம். அவள் மெல்லச் செலுத்தி, விளக்கின்முன் பிடித்தாள். கடுகினும் சிறிய ஒளிப்பொட்டு ஒன்று தெரிந்தது. பூட்டி, இரண்டேகால் சுற்றுத் திருகி உதைத்தோம். மூன்றாவது உதையில் கிளம்பிற்று, சோக்கை விட்டோம், அடங்கவில்லை. தந்தையார் காலத்து அதே ஓசை.

“தேர்வு நெருங்குகிறது, அவளைப் போய்ப் படிக்கச் சொல்லுங்கள்” என்று உள்ளிருந்து குரல் வந்தது. தந்தையாரின் பழைய வாக்கியம் நம் நாவின் நுனி வரை வந்து நின்றது. மகளின் விரல்களில் கறை படிந்திருந்தது. அவள் அஞ்சறைப் பெட்டியின் கிண்ணங்களை ஒவ்வொன்றாய்த் துடைத்துக்கொண்டிருந்தாள். நாம் ஒன்றும் சொல்லவில்லை. அருகே அமர்ந்து நாமும் ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டோம்.

ஜூன் மாதம் மழைக்கு முன் கிண்ணத்தை வடிக்க வேண்டும் என்று நம் வீட்டு நாட்காட்டியில் குறித்திருக்கிறது. கையெழுத்து மகளுடையது.