என் பேட்ஜ் காட்டிய பூஜ்யம்

வானூர் பக்கம் ஒரு சிறிய எக்ஸ்ரே மையத்தில் டெக்னீஷியனாக இருக்கிறேன். என் மேல் படும் கதிர்வீச்சை அளக்க நெஞ்சில் குத்திக்கொள்ள வேண்டிய டி.எல்.டி. பேட்ஜைப் பல ஆண்டுகள் மேசை டிராயரில்தான் போட்டு வைத்திருந்தேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைக் கவரில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவோம். பூஜ்யம் என்று அறிக்கை வரும். ஃபைலில் கோத்துவிடுவேன்.

சோம்பல் பாதி, பயம் பாதி. ஈயக் கவசத்தை மாட்டி, அதற்குள் பேட்ஜும் குத்திக்கொண்டு வேர்த்து வழிய மனசில்லை. அளவு கூடி வந்தால் முதலாளி என்ன சொல்வாரோ என்ற பயமும் இருந்தது.

மரக்காணம் உப்பளத்து ஆட்கள் நெஞ்சுப் படம் எடுக்க வருவார்கள். இருமலோடு வந்த ஒரு குழந்தையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி அதன் தாயை நிறுத்தினேன். கவசம் மூலையில் தொங்கியது, எடுத்துக் கொடுக்கவில்லை. உப்பில் வெடித்த கையால் குழந்தையின் தோளை அமுக்கியபடி, "இது எதுனா பண்ணுமா தம்பி?" என்றார். "ஒண்ணும் ஆவாதும்மா" என்றேன். ஒரு நெஞ்சுப் படத்தின் கதிர்வீச்சு மிகக் குறைவு என்பது நிஜம். ஆனால் எங்கள் அறையில் கதிர் எங்கே எவ்வளவு சிதறுகிறது என்று ஒருநாளும் அளந்து பார்க்காதவன் கொடுத்த உறுதி அது.

கேட்க ஆள் வரவில்லை என்று சொல்லித் தப்பிக்கலாம். அதுவும் பொய்யல்ல. எங்களைக் கண்காணிக்க வேண்டிய அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 1983-ல் அமைந்தது. நாட்டிலிருந்த 57,443 எக்ஸ்ரே நிலையங்களில் 5,270 மட்டுமே அதில் பதிவானவை என்று 2012-ல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை சொன்னது. மாநிலந்தோறும் கதிர்வீச்சுப் பாதுகாப்பு இயக்ககம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2001-லேயே சொல்லியும், 2012 வரை கேரளமும் மிசோரமும்தான் அமைத்திருந்தன.

ஆனால் விதி தெரியாமல் நான் தப்புச் செய்யவில்லை, படித்துத் தேறியவன். எக்ஸ்ரே ஊழியருக்குப் பூஜ்யம் வருவது வழக்கம்தான். அதனாலேயே என் பொய் யார் கண்ணிலும் உறுத்தவில்லை. ஆள் பற்றாத அந்த வாரியத்துக்கு எங்களைப் பற்றித் தெரிய இருந்த ஒரே வழி அந்த பேட்ஜ் அறிக்கை. அதையும் கெடுத்தேன்.

இப்போது பேட்ஜை மாட்டிக்கொள்கிறேன். என் பேச்சை நம்ப வேண்டாம். அரசு பணம் ஒதுக்கி, பயிற்சி கொடுத்து, கையில் அளவுமானியோடு ஆளை அனுப்பட்டும். சொல்லாமல் வரட்டும். ஃபைலைக் கேட்கும் முன் என் சட்டையைப் பார்க்கட்டும்.