ஜனவரி ஒன்று

அப்பா மறைந்த நாற்பதாம் நாள் அவருடைய கணினியைத் திறந்தேன். கடைசி ஆண்டுகளில் அவர் தட்டச்சு செய்துவைத்த குறிப்புகளைத் தொகுக்கும் எண்ணம். 17 கோப்புகள் இருந்தன. உருவாக்கிய தேதி, சேமித்த தேதி எல்லாவற்றுக்கும் ஒன்றே: 1 ஜனவரி 2002. திரையின் மூலையிலும் அந்தத் தேதிதான் இருந்தது.

நேர மண்டலம் மாறிப்போயிருந்தால் ஐந்தரை மணி நேரம் போல ஏதோ ஒரு கணக்கில் பிழை நின்றிருக்கும். இங்கோ ஆண்டுகளே காணாமல் போயிருந்தன. நேரத்தைத் திருத்திவிட்டு வெகுநேரம் ஓடவிட்டேன், பிசகவில்லை. நிறுத்தி, பிளக்கை எடுக்காமல் மறுபடி இயக்கினேன், அப்போதும் சரி. சுவரிலிருக்கும் சுவிட்சை அணைத்துப் போட்டபோது மட்டும் மீண்டும் ஜனவரி ஒன்று, நள்ளிரவு.

பழுது தாய்ப்பலகையிலுள்ள மின்கலத்தில். சிஆர்2032 என்பது அதன் பெயர்; 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன் என்ற அளவுகளே பெயரில் இருக்கின்றன. கணினிக்குள் நொடிக்கு 32,768 முறை அதிரும் ஒரு குவார்ட்ஸ் படிகம் உண்டு. அவ்வெண்ணை 15 முறை பாதியாக்கினால் ஒன்று வரும். அதுதான் ஒரு நொடி. பிளக்கில் மின்சாரம் இருக்கும்வரை இந்தக் கடிகாரம் அதிலேயே ஓடும். இல்லாதபோது மின்கலம் தாங்கும். அப்பாவோ வீண்செலவென்று இரவுதோறும் சுவிட்சை அணைப்பவர். மல்டிமீட்டரில் 3 வோல்ட் காட்டவேண்டிய மின்கலம் 1.9 காட்டியது.

புதியதைப் பொருத்தினேன். கடிகாரம் சரியாயிற்று. கோப்புகளின் தேதிகள் திரும்பவில்லை.

அவற்றில் ஒரு குறிப்பில், சித்தப்பாவின் வாசற்படியை இனி மிதிப்பதில்லை என்று அப்பா எழுதியிருக்கிறார். இன்னொன்றில், நிலத் தகராறில் தவறு தன்மேலும் உண்டு, தம்பியிடம் சொல்லவேண்டும் என்று. எது முந்தியது, எது பிந்தியது? சித்தப்பா இன்னும் இருக்கிறார். எனக்கு அது தெரிந்தாகவேண்டும்.

தேதி பொய். ஆனால் ஒவ்வொரு நாளும் கணினி நள்ளிரவிலிருந்தே தொடங்கியதால், நேரம் மட்டும் ஒன்றைச் சொல்கிறது: இயக்கியபின் எவ்வளவு நேரம் கழித்து அவர் சேமித்தார் என்பதை. கோபக் குறிப்பின் நேரம் 00:12. மற்றதன் நேரம் 02:47.

இரண்டாவதை மட்டும் அச்செடுத்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வீட்டுக்குப் போகவேண்டும். முதலாவதை அழிக்கவில்லை.