செய்தி செல்லும் வழி

இணையத்தில் ஒருவர் விடுக்கும் செய்தி சிறுசிறு பொதிகளாகப் பகுக்கப்பெற்று, ஒவ்வொன்றின் முகப்பிலும் சேருமிடம் பொறிக்கப்பெற்றுப் புறப்படுகின்றது. வழியிலுள்ள சந்திகள்தோறும் ரூட்டர் எனப்படும் பொறி நின்று, பொதியை அடுத்த சந்திக்குச் செலுத்துகின்றது. அப்பொறி உலகமெல்லாம் கண்டதன்று. தன் அண்டைப் பொறிகளை மட்டுமே அது நேரில் அறியும். அங்ஙனமாயின், நெடுந்தொலைவிலுள்ள ஓரிடத்திற்கு நல்வழி இஃதென அது தெளிவது எவ்வாறு?

1969ஆம் ஆண்டு அமெரிக்காவில் நான்கு நிலையங்களை இணைத்துத் தோன்றிய ஆர்ப்பாநெட் என்னும் வலையில் இதற்கோர் எளிய முறை இருந்தது. எவ்வெவ்விடத்தை அடையத் தனக்கு எவ்வளவு காலமாகும் என்னும் பட்டியலை ஒவ்வொரு பொறியும் அண்டைப் பொறிகளுக்கு ஓயாது அறிவிக்கும். கேட்ட பொறி, அவ்வண்டையை அடையத் தனக்காகும் காலத்தையும் அதனோடு கூட்டிப் பார்த்து, எதன் வழியாகச் சென்றால் காலம் குறையுமோ அதனிடமே பொதியை ஒப்படைக்கும். அயலூர் செல்வோன் எதிர்ப்படுவோரை வினவி நடப்பது போன்றதே இது. சொல்வோர் மெய்யே சொல்லும்வரை இதில் இடரில்லை.

1973ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று, ஆர்வர்டு பல்கலைக்கழகத்திலிருந்த சந்திப்பொறி பழுதுற்றது. அதன் பட்டியலிலிருந்த எண்களெல்லாம் சுழியங்களாயின. எல்லா இடத்தையும் நொடிப்பொழுதும் இன்றி அடைவேன் என்று அது பறைசாற்றியது போலாயிற்று. பொய்யுரைக்கும் கருத்து அதற்கில்லை. பொறிக்கு ஏது கருத்து? ஆயினும் ஏனைய பொறிகள் அதனை நம்பித் தம்மிடமிருந்த பொதிகளை அதன்பாலே செலுத்தின. வலை முடங்கிற்று.

1979இல் புதுமுறை வந்தது. ஒவ்வொரு பொறியும் தன்னைத் தொடும் தடங்களில் தானே அளந்த காலத்தை மட்டும் எல்லாப் பொறிகட்கும் அறிவிக்கும். தொலைவிலுள்ளவற்றைப்பற்றி வாய் திறவாது. அவற்றைத் தொகுத்து, வலை முழுமைக்கும் குறுவழியை ஒவ்வொரு பொறியும் தானே கணக்கிடும். அக்கணக்கிற்கு அடிப்படையானது, டச்சு அறிஞர் டைக்ஸ்திரா 1956இல் ஆம்ஸ்டர்டாம் நகரக் காப்பிக் கடையொன்றில் அமர்ந்து, தாளும் எழுதுகோலும் இன்றி, ஏறத்தாழ இருபது நிமிடத்தில் கண்ட முறையாகும்.

இன்று ஒரு நிறுவனத்தின் எல்லைக்குள் இத்தகைய முறையே பெரிதும் வழங்குகின்றது. நிறுவனத்திற்கும் நிறுவனத்திற்கும் இடையிலோ, அண்டையார் சொல்லை ஏற்கும் வழக்கம் அறவே ஒழிந்திலது. 2008 பிப்ரவரி 24 அன்று, யூடியூபைத் தன் நாட்டளவில் தடுக்கப் பாகிஸ்தானில் அறிவிக்கப்பெற்ற பொய்வழி எல்லை கடந்து பரவிற்று. பல நாடுகளின் பொதிகள் யூடியூபை விடுத்துப் பாகிஸ்தானை நோக்கித் திரும்பின. ஏறத்தாழ இரண்டு மணி நேரம் சென்ற பின்னரே நேர்வழி மீண்டது.